சுக்கு பத்து

பிரிக்ஃபீல்ட்ஸ் பேரங்காடியில் நேற்று ஒரு பெண் சின்னக் குப்பிகளில் இஞ்சிச் சாறு விற்றுக்கொண்டிருந்தாள். "ட்ரை பண்ணுங்க ஆன்டி, சளிக்கு நல்லது லா" என்றாள். முகர்ந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாசனைக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு, சொல்கிறேன், கேளுங்கள்.

பக்கத்துத் தெருவில், ஒரு கடைவீட்டு மாடியறையில்தான் நான் இயற்கை வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன். முதல் வருஷம் எனக்குச் சளி பிடித்தால் கொண்டாட்டம்தான். அலமாரியில் இருந்த தைலம், கஷாயம் எல்லாவற்றையும் என் மூக்கிலேயே சோதித்துப் பார்த்தேன். வாசனை மூக்கைத் துளைத்தால்தான் மருந்து என்று நம்புகிற ஊர் இது. நானோ பலன் தராததையெல்லாம் தூக்கிப்போட்டுப் பாதி அலமாரியைக் காலி செய்துவிட்டேன். மிஞ்சியது ஆவி, உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு, தேன், கஞ்சி, தூக்கம்; தலைபாரத்துக்குக் கொஞ்சம் சுக்கு. மூச்சு வாங்கினால் நேரே கிளினிக்குக்கு அனுப்பிவிடுவேன். "சளிய யாரும் விரட்ட முடியாது, அது போற வரைக்கும் உங்கள சுகமா வச்சிருக்கலாம்" என்று உண்மையைச் சொன்னதால் பலர் திரும்பி வரவில்லை. அப்படிச் சொன்னதில் எனக்கு இன்றும் கர்வம்தான்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து மணியண்ணன் வந்தார். கல்யாண விருந்துகளில் மைக் பிடிக்கிறவர். சனிக்கிழமை விருந்து, சளியில் தொண்டை கட்டிக் கிடந்தது, தலைவலி வேறு. குரல்தான் அவருக்குச் சோறு. அவர் தேறினால் கிள்ளான் முழுக்க என் பெயர் பரவும். தேறாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆவி, கொப்பளிப்பு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "தலைவலிக்கு சுக்கு பத்து போடுங்கண்ணே" என்றேன்.

பத்து என்றால் அரைத்து நெற்றியில் பூசுவது. மலாய்ப் பள்ளியில் படித்த மனிதருக்கு அது எண்ணாகக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"ஐயோ டாக்டர், சுக்கு பத்து போட்டு காய்ச்சி குடிச்சிட்டேன். தொண்ட எரியுது லா! பத்தும் பெரிய சுக்கு!"

டிபன் கேரியரில் ஆறின கஞ்சியோடு கொமுட்டர் ரயில் பிடித்து ஓடினேன். கஞ்சியைக் குடிக்க வைத்து, "மைக் கைக்கு வர்ற வரைக்கும் அண்ணன் வாயத் திறக்கவே கூடாதுக்கா" என்று அவர் மனைவியைக் காவல் வைத்தேன்.

"கல்யாணமான நாள்லருந்து நான் வேண்டிக்கிட்டது இதத்தான் தங்கச்சி" என்றார் அந்த அக்காள்.

மறுநாள் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் சொல் கரகரத்தது. அடுத்தது கணீரென்று வந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வரவேற்ற கையோடு, "நம்ம சுக்கு டாக்டரும் வந்திருக்காங்க, கை தட்டுங்க!" என்று பத்துக் கதையை முழுக்க அவிழ்த்துவிட்டார். மண்டபமே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து "சுக்கு டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு கிள்ளான்காரர்கள் மாடிப்படி ஏறினார்கள்.

அந்தக் கடைவீடு இருந்த இடத்தில் இன்று ஒரு ஹோட்டல் நிற்கிறது. நானும் அன்றிலிருந்து "அரைச்சுப் பூசுங்க" என்றுதான் சொல்கிறேன். மருந்தைப்போலச் சொல்லையும் பார்த்துப் பொறுக்க வேண்டியிருக்கிறது. என் பெயர் அட்டையில் இப்போது பட்டங்களுக்கே இடம் போதவில்லை.

மணியண்ணன் போன வருஷம் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது வாசலில் நின்ற இளைஞர்கள், "ஆன்டி, நீங்க யாரு?" என்றார்கள்.

"சுக்கு டாக்டர்" என்றேன்.

ஒருவருக்கும் புரியவில்லை. உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்காள் மட்டும் எழுந்து வந்தார்.