கடல் தண்ணீரிலும் பிழைக்கும் புல்

ஓவசியர் நானாவை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவருடைய முதுகுதான் எனக்கு ஞாபகம் வரும். விடிந்தும் விடியாத நேரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பந்துக் குழியைச் சுற்றியுள்ள புல்லின்மேல் வெறுங்காலோடு கொஞ்சத் தூரம் நடப்பார். பிறகு திரும்பி நின்று, தான் மிதித்து வந்த தடத்தைப் பார்ப்பார். மிதிபட்ட புல் எழும்பி நின்றால் தண்ணீர் போதும். தடம் அப்படியே கிடந்தால் புல்லுக்குத் தாகம் என்று அர்த்தம். பம்ப் கொட்டிலில் நிற்கும் என்னைப் பார்த்துக் கையை உயர்த்துவார். நான் மோட்டரைப் போடுவேன். கற்பிட்டிப் பக்கம், கடலுக்கும் உப்பேரியான களப்புக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலத்தில், ஒரு ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்தில் மேற்பார்வை அவருக்கு, மோட்டர் எனக்கு; எங்கள் இருவருக்கும் வேலை அதுதான்.

நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அவர் மன்னார்க்காரர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது வாப்பா, உம்மாவோடு வள்ளத்தில் வந்து இறங்கி, கல்யாணம் முடித்த பிறகும் அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் காலம் தள்ளியவர். மைதானத்து வேலி ஓரமாக ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியபோது, சுவர் பூசுவதற்கு முன்பே கிணற்றை வெட்டினார். இளநீர் மாதிரித் தண்ணீர். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, குடித்து முடியும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "கேம்பில வாளியத் தூக்கிக்கிட்டு லைன்ல நிண்டவன் தம்பி நான். எனக்கு ஊட்ட விடக் கிணறுதான் பெரிசு" என்பார். நான் கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்த் தண்ணீரையே எனக்கு ஊற்றித் தந்து பெருமையடிக்கிறாரே என்று அவரைச் சீண்டுவேன். சிரிப்பார். கோபமும் அவருக்கு அதே வேகத்தில் வரும். புல்லின்மேல் வண்டியைத் திருப்பிய பையனை ஒரு நாள் மைதானம் முழுக்கத் துரத்தினார்.

சித்திரை பிறந்துவிட்டால் புல்லைக் கட்டையாக வெட்ட விடமாட்டார். மெஷினின் கத்தியை உயர்த்தி வைக்கச் சொல்வார். கொஞ்சம் நீளமாக நின்றால்தான் வேர் சூடுபடாது. காலையில் மூங்கில் கம்பால் பனியைத் தட்டிவிட வேண்டும். உச்சி வெயிலில் குளிர்மைக்காக ஒரு தூவல், அவ்வளவுதான். சித்திரையில் நாலு மழை விழுந்தால் மற்றதை நிலம் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும். மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு மாதக்கணக்கில் வீசும். அதற்குத் தாக்குப்பிடிக்கும் புல் வேண்டுமென்று ஹோட்டல் வெளிநாட்டிலிருந்து ஓர் இனத்தை இறக்கியிருந்தது. அதை நட்டு முடித்த அன்று மனேஜரிடம் நானா தன் சொந்தப் பிள்ளையைப் புகழ்வதுபோல் சொன்னார்: "சேர், இது கடல் தண்ணியிலயும் பொழைக்கும்." மனேஜர் அவர் தோளில் தட்டினார். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்துச் சித்திரை மழை பொய்த்தது. வானம் கறுக்கும், மேகம் களப்புக்கு மேலால் போய்விடும். மழைக்கு முன்பே சோளகம் எழும்பிவிட்டது. ஆனியில் பெரிய போட்டி ஒன்று நடக்கவிருந்ததால், புல்லில் மஞ்சள் நிறமே தெரியக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஹோட்டல் கிணறுகளை மாற்றி மாற்றி இறைத்து, ஒன்றுக்கு ஓய்வு கொடுப்பதுதான் நானாவின் வழக்கம். அந்த வருடம் எல்லா மோட்டரும் ஒன்றாக ஓடின. எங்கள் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படுக்கையாகத்தான் கிடக்கிறது. அதற்குக் கீழே கடல். மேலே இருப்பதை அளவு மீறி உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறி வரும். எங்கள் இருவருக்கும் இது தெரியாததல்ல. ஆனால் புல் ஒரு நாளும் இல்லாத பச்சையில் நின்றது. வருடம் முழுக்கப் பிடுங்கினாலும் ஒழியாத தொட்டாச்சுருங்கியும் மற்றக் களைகளும் தானாகவே கருகின. "பாத்தியா தம்பி, நமக்கு வேலை மிச்சம்" என்று முதல் நாள் கையைத் தட்டினார். மறுநாள் அதே இடத்தில் குந்தி, கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி வேரை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்ததுபோல் துப்பிவிட்டு எழும்பினார்.

அவருடைய மனைவியை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன். பத்து மணிக்கு வேலிக்கு மேலால் பிளேன்டீப் போத்தலை நீட்டுவா. அந்த வைகாசியில் தேநீரில் இஞ்சி ஏறியது. பிறகு சீனி ஏறியது. ஒரு நாள் இரண்டையும் மீறி அடித்தொண்டையில் கரித்தது. நான் நானாவைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைக் காலி செய்துவிட்டு இருவரும் எழும்பினோம். அவர் கை அன்றும் உயர்ந்தது, நான் அன்றும் மோட்டரைப் போட்டேன்.

போட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் அவர் மனேஜரிடம் போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். ஒரு மாதத்துக்குத் தன் வீட்டுப் பக்கக் கிணறுகளையாவது நிறுத்தும்படி கேட்டார். குடிக்கிற தண்ணீர் உவர்த்துப் போனதென்றார். மனேஜர் கெட்ட மனிதரில்லை, கதிரை போட்டு இருக்கச் சொன்னார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டிச் சிங்களத்தில் கேட்டார்: கடல் தண்ணீரிலும் பிழைக்கும் என்று சொன்னது நீங்கள்தானே, தண்ணீர் பழுதென்றால் புல் எப்படி இவ்வளவு பச்சையாக இருக்கிறது? நானாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் அன்று ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு எழும்பி வெளியே நடந்தார். மற்றப் புல்லாக இருந்திருந்தால் காய்ந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

ஐப்பசி மழை வந்ததும் கிணறு தெளியும் என்றார்கள். மழை வந்தது, கிணறு நிறைந்தது, உவர் மட்டும் போகவில்லை. "இன்னொருக்கா மூட்டை கட்ட எனக்கு ஏலாது" என்று மச்சி கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். அடுத்த சோளகத்துக்கு முன் தில்லையடியில் வாடகை வீடொன்றுக்குப் போய்விட்டார்கள். நல்ல தண்ணீர் இல்லாத காணியை வாங்க ஆளில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஓவசியர் வேலை இப்போது என் கையில். இந்த வருடமும் சித்திரை மழை இல்லை. போன வெள்ளி ஜும்ஆ முடிந்து தில்லையடிக்குப் போனேன். நானா மெலிந்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இப்ப எந்தப் பக்கத்தால தண்ணி எடுக்குறீங்க?"

"தெக்குப் பக்கம் புதுசா ரெண்டு கிணறு வெட்டியிரிக்கி நானா."

"உன்ட ஊட்டுப் பக்கமா?"

"ஓம்."

"நிப்பாட்டச் சொல்லிப் பாத்தியா?"

"சொன்னன். புல் பச்சையாத்தானே இரிக்கி எண்டாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே கேட்டார்: "உன்ட கிணறு எப்படி?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கி நானா" என்றேன். வீட்டில் என் மனைவி சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்திச் சில நாட்களாகிவிட்டன.