செல்லாமற்போன வாக்குமூலம்

லண்டனில் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தமிழ் மொழிபெயர்க்கப் போன காலத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பிரசவமும் கார் இடிபட்ட கதைகளும்தான். மற்ற நாட்களில் கவுன்சில் அலுவலகத்தில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் வந்த அழைப்பு வேறு மாதிரி.

எங்கள் நாட்டில் ஒரு இராணுவத் தடுப்பு முகாமில் காவலுக்கு நின்ற இரண்டு பேர், ஆமியை விட்டு விலகி லண்டனில் வந்து இருக்கிறார்கள் என்று பொலிசுக்குத் தகவல் கிடைத்திருந்தது. சித்திரவதை எந்த நாட்டில் நடந்திருந்தாலும், செய்தவர் அரச உத்தியோகத்தர் என்றால் இங்கேயே வழக்குப் போடலாம் என்று சில வருஷங்களுக்கு முன்பு சட்டம் வந்திருந்தது. ஆனால் சாட்சி வேண்டும். அந்த முகாமில் அடைபட்டுக் கிடந்து விடுதலையான ஒருவர் லண்டனில் நோர்பரிப் பக்கம் இருந்தார், பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. பல மாதம் யோசித்து வாக்குமூலம் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

தொடங்குமுன் பொலிஸ் அதிகாரி முகாமின் பெயரைச் சொல்லி என்னைக் கேட்டார். "இவரையோ இந்த வழக்கோடு சம்பந்தப்பட்ட வேறு யாரையாவதோ உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. என் அண்ணா எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா ஏறி இறங்கிய முகாம்களில் இதுவும் ஒன்று. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் நானும் நம்பினேனா, அல்லது அந்த வேலையை விட மனமில்லாமல் இருந்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. "தெரியாது" என்றேன்.

சாட்சி சொல்வதை அவருடைய சொல்லிலேயே தமிழில் எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து வைப்பார். பிறகு நான் ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவருக்கு முப்பது வயதிருக்கும். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிடித்த நாள், கண்ணைக் கட்டினது, நெல்லுக் களஞ்சியமாக இருந்த கட்டடம், சுவரில் அடித்த இரும்பு வளையங்கள். இரண்டு காவலர்களில் உயரமானவன் சிரித்துக்கொண்டே அடிப்பான் என்றார். மற்றவன் அடித்த பிறகு தண்ணீர் கொண்டுவந்து குடிக்கச் சொல்லுவான், குடிக்க வாயைத் திறந்தால் நிலத்தில் ஊற்றுவான். நான் எழுதிக்கொண்டே போனேன்.

"எனக்குப் பக்கத்து வளையத்தில ஒருத்தரைக் கட்டி வைச்சிருந்தவங்கள்," என்றார். "தபால் கந்தோர்க்காரர். தபால் பையோட ரோட்டில வைச்சுப் பிடிச்சவங்கள். பைக்குள்ள ரெஜிஸ்டர் கடிதம் இருக்கு, அதை ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ எண்டு அவங்களிட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தவர். அதுக்கும் அடி."

என் பேனா நின்றுவிட்டது. அண்ணா தபால் பையோடுதான் போனார் என்பது எங்கள் வீட்டுக்கும் அந்தக் கந்தோருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"ஏதும் பிரச்சினையா?" அதிகாரி கேட்டார்.

"இல்லை," என்று சொல்லிவிட்டு எழுதினேன். தபால் கந்தோர்க்காரரின் இடது கையை அந்த உயரமானவன் கதவிடுக்கில் வைத்து நெரித்ததை எழுதினேன். அண்ணா இடது கைக்காரர். பிறகு ஒரு நாள் அவரை இரண்டு பேருமாக வெளியே கொண்டுபோனதையும், திரும்பக் கொண்டுவராததையும் எழுதினேன். சாட்சி கையெழுத்து வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள்.

நடைபாதையில் அவர் யன்னலோரம் நின்று சிகரெட் பிடித்தார். வழக்கைப் பற்றி அவரோடு நான் கதைக்கக் கூடாது. அவர்தான் கதைத்தார்.

"அக்கா, எப்பிடியும் இண்டைக்கு முடிச்சுப்போடுவம் என்ன. திரும்ப ஒருக்கா இதைச் சொல்ல என்னாலை ஏலாது."

இன்னும் இரண்டு மூன்று பக்கம்தான் மிச்சம். வாயை மூடிக்கொண்டு எழுதினால் பின்னேரம் முடிந்துவிடும். ஆனால் ஒரு நாள் கோர்ட்டில் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி எழும்பி, மொழிபெயர்த்தவள் காணாமற்போனவரின் தங்கச்சி என்று சொன்னால் அந்த வாக்குமூலம் குப்பைக்குத்தான் போகும். அவர்கள் இரண்டு பேரும் தப்பிப் போவார்கள், அதற்கு நானே வழிவிட்டவளாவேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால் அந்த அறைப்பக்கம் போக மறுத்தது. உண்மையைச் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், அண்ணாவைப் பற்றி மிச்சம் என்ன இருக்கிறதோ அதைக் கேட்க முடியாமல் போகும் என்றுதான் முதலில் தோன்றியது.

பத்து நிமிஷம் கழித்துப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் தொப்பென்று கதிரையில் சாய்ந்தார். என்னைத் திட்டவில்லை. "காலையிலேயே அந்த முகாமைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்," என்றார். எழுதின தாள்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு ஒட்டினார். வேறு ஒருவரை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சாட்சிக்குச் சொல்லச் சொன்னார். அன்று நான் கடைசியாக மொழிபெயர்த்தது அதுதான்.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் சொன்னது?"

"செல்லாது, தம்பி. பிழை என்னிலைதான். அந்தத் தபால் கந்தோர்க்காரர் என்ரை அண்ணா."

அவர் தன் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் அம்மா இருந்தார். நான்தான் ஸ்பொன்சர் பண்ணி லண்டனுக்குக் கூப்பிட்டிருந்தேன். விசாரணையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கதவைத் திறந்து, "ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டவரிடம் தலையிடி என்றேன். அதற்குப் பிறகு வந்த ஆறு கிழமையும் அம்மாவுக்கு முன்னால் இருந்து சாப்பிடுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மகன் உயிரோடு எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவர் எனக்குக் குழம்பு ஊற்றுவார். அந்தச் சாட்சி திரும்ப வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். டெலிபோன் அடித்தால் ஓடிப்போய் நானே எடுத்தேன்.

ஆனால் ஆறு கிழமை கழித்து அவர் திரும்பவும் பொலிசுக்குப் போயிருக்கிறார். வேறு மொழிபெயர்ப்பாளரோடு, முதலிலிருந்து, ஒரே நாளில் முழுவதையும் சொல்லி முடித்தார் என்று அதிகாரி டெலிபோனில் சொன்னார். பிறகு என்னையும் கூப்பிட்டு, அண்ணாவின் படத்தையும் பிடிபட்ட நாளையும் வைத்து ஒரு வாக்குமூலம் எடுத்தார்கள். அதற்குள் அந்த உயரமானவன் லண்டனை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று பொலிசுக்கும் தெரியாது. நான் அன்று காலையிலேயே சொல்லியிருந்தால் அவனைப் பிடித்திருப்பார்களா என்று கேட்டேன். அதிகாரி, "அப்படிச் சொல்ல முடியாது," என்றார். மற்றவனை ஒரு நாள் முழுக்க விசாரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் பொலிசிலிருந்து கடிதம் வந்தது. வழக்குப் போட ஆதாரம் போதாது.

கடிதம் வந்த கிழமை அதிகாரி மூலம் அந்தச் சாட்சி என் நம்பரைக் கேட்டு வாங்கி டெலிபோன் எடுத்தார். "இனி வழக்கில்லைத்தானே அக்கா. அம்மா இஞ்சை இருக்கிறாவெண்டால், நான் வந்து அவவோடை கதைக்கலாமோ?"

அவர் வருவதற்கு முதல் நாள் அம்மாவுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. எவ்வளவு நாளாக எனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அம்மா அவரைத் தனக்கு முன்னால் இருத்தி, "தம்பி, அவனை நீர் கடைசியாக் கண்டது என்ன நாள்?" என்று கேட்டார்.

"தேதி தெரியாதம்மா. ஆனா அண்டைக்கு அவங்களின்ரை வெசாக் பெருநாள். காவலுக்கு நிண்டவங்கள் வெளிச்சக்கூடு கட்டிக்கொண்டிருந்தவங்கள். அதை விட்டிட்டு வந்துதான் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவங்கள்."

"அப்ப வைகாசிப் பூரணை," என்றார் அம்மா. பிறகு, "கொண்டுபோனதைத்தானே கண்டனீர். செத்ததைக் காணேல்லைத்தானே," என்றார்.

"ஓமம்மா. காணேல்லை."

அம்மா தலையாட்டினார். அவருக்குச் சாப்பாடு போட்டார். இன்னொரு முறை வரச் சொன்னார்.

இரண்டு வைகாசி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வருஷம், பூரணைக்கு ஒரு கிழமை இருக்க, ஐயரோடு கதைத்து அண்ணாவுக்குத் திவசம் ஒழுங்குபண்ணச் சொன்னார். "நோர்பரித் தம்பிக்கும் சொல்லு," என்றார். அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையிலேயே வந்து, சமையல் முடியும்வரை அம்மாவோடு குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.