பிரித்ததெல்லாம் குப்பை

அண்ணாவுக்கு மலம் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, வாய்வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோபி பார்த்தால்தான் புண்ணா புற்றா என்று தெரியும் என்றார் டாக்டர். குழாய் என்ற சொல்லுக்கே நடுங்கி இரண்டு மாதம் தள்ளிப்போட்டவன், ஒருவழியாக ஸ்ரீரங்கத்திலிருந்து என்னோடு ஆட்டோவில் ஏறினான்.

திருச்சியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் அறைக்குள் நுழைந்ததும் புது பிளாஸ்டிக் நெடி முகத்தில் அறைந்தது. நர்ஸ் உறைகளைச் சரசரவென்று கிழித்துக்கொண்டிருந்தார். நீலத் துணி, மேலங்கி, பல்லில் கடித்துக்கொள்ள ஒரு வளையம், ஊசிகள், சுத்திகரித்த தண்ணீர் பாட்டில். எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. அப்புறம்தான் நிமிர்ந்து கேட்டார்.

"வெறும் வயிறுதானே சார்?"

"ஆமாம்மா. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை."

"தண்ணி?"

"தீர்த்தம் மட்டும் வாங்கிண்டேன்."

நர்ஸின் கை நின்றது. "வேற?"

"பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன். பிரசாதம் குடுத்தா. துளி பொங்கல். அதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?"

"துளின்னா?"

அண்ணா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினான். ஒரு குழந்தைக்கு வயிறு நிறையும்.

"அய்யோ சார்! மயக்கத்துல அது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குப் போனா யாருங்க பதில் சொல்றது? இனிமே மத்தியானத்துக்கு மேலதான்."

அண்ணாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஆத்துக்குப் போயிட்டு இன்னொரு நாள் வரலாம்டா."

காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் இவன் திரும்ப வரமாட்டான். கசிவு நிற்காது. வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அதற்குள் நர்ஸ் எல்லாவற்றையும் வாரி ஒரு பைக்குள் திணித்தார். தண்ணீர் நிரம்பிய பாட்டில் தொம்மென்று விழுந்தது.

"யாரும் தொடவே இல்லையே சிஸ்டர்?"

"பிரிச்சாச்சு சார். அடுத்தவங்களுக்கு வைக்க முடியாது."

எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். டம்ளரில் உதடு பட்டால் அம்மா கழுவச் சொல்வாள். இங்கே எந்த உதடும் படாமலே எல்லாம் எச்சிலாகிவிட்டது. கழுவ வழியில்லாத எச்சில். அந்த மூட்டையைக் கொண்டுபோய் எரிப்பார்களாம். எந்த ஊர்க் காற்றிலோ, யாருடைய மூக்கிலோ. 

அடுத்தவர் பாலக்கரையில் கடை வைத்திருப்பவர். வெளியே உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். அவருக்கும் முதலில் கிழிப்பு, பிறகு கேள்வி.

"கடையத் தொறந்து ஒரு டீ குடிச்சேங்க. பால் டீதான். அது சாப்பாடா?"

மறுபடி பை. மறுபடி தொம்.

"மொதல்ல கேட்டுட்டு அப்புறம் பிரிச்சா என்னங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"டாக்டர் வார்டுலேருந்து வர்றப்ப எல்லாம் ரெடியா இருக்கணும் சார். அவர் ஒரு நிமிஷம் நின்னா எங்களுக்குத்தான் திட்டு. நீங்களா வந்து வாங்குவீங்க?"

ஒரு மனிதர் நிற்கக்கூடாது. அதற்காக இத்தனையும் உறையைப் பிரித்ததுமே சாக வேண்டும். அருவருப்பு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? வயிற்றில் போட்டதைப் பிரசாதம், டீ என்று வேறு பெயர் சொல்லிக் கணக்கிலிருந்து கழற்றுகிற கூட்டம்.

மத்தியானம் சாய்ந்து அண்ணாவுக்குப் புதிதாக எல்லாம் கிழித்தார்கள். குழாய் போனது, வந்தது. மயக்கம் தெளிந்து அவன் உட்கார்ந்ததும் டாக்டர் சொன்னார்: "சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்துல புண்ணு. புற்று இல்ல. மாத்திரையிலயே ஆறிடும்."

அண்ணா கண்ணை மூடிக்கொண்டான். இமையோரம் ஈரம்.

"மாத்திரை முடிஞ்சதும் எதுக்கும் இன்னொரு தடவை விட்டுப் பாத்துடலாம்."

"அவசியமா டாக்டர்?" என்றேன்.

"இந்தப் புண்ணுக்குத் தேவைன்னு இல்ல. பேஷண்ட்டோட மனத்திருப்திக்குத்தான்."

கமறிய குரலில் அண்ணா சொன்னான்: "நேக்கு இப்பவே பரம திருப்தி டாக்டர். பாக்கித் திருப்தியை நீங்களே எடுத்து வச்சுக்கோங்கோ."

டாக்டர் சிரித்துவிட்டு, சீட்டில் மறுபடி எண்டோஸ்கோபி என்று எழுதியிருந்த கடைசி வரியை அடித்தார். அண்ணாவின் கையைப் பிடித்துப் படியிறங்கினேன். அவனுக்குப் பசி பிடுங்கியது. எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.