தெரேச்சோ என்றால் வலது அல்ல

பாய்மரப் படகு வாங்கிய வாரத்திலேயே நானும் கணவரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறை வெல்டர். எஞ்சினும் பாய்களும் அவர் பொறுப்பு. தொழிற்சாலையில் தரச் சோதனை வேலையை விட்டிருந்த எனக்கு மருந்து, சாப்பாடு, பேச்சு. ஆப்பிரிக்காவைச் சுற்றி அர்ஜெந்தினா வரை போவதாகத் திட்டம். அதற்குப் பிறகு எங்கே, எப்போது திரும்புவது என்று முடிவு செய்யவில்லை.

"அந்தப் பக்கம் இங்கிலீஷ் பத்தாதுலா. நீதான் ஸ்பானிஷ் படிக்கணும்," என்றார்.

"அப்ப நீங்க?"

"எனக்கு எஞ்சின்கூட பேசவே நேரம் சரியா இருக்கு."

எங்கள் வீடு இருந்த மாசாயிலிருந்து படகுத்துறைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் பாடம் கேட்டேன், கூடவே சத்தமாகச் சொன்னேன். சிவப்பு விளக்கில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நிறுத்தவில்லை. நமக்கு மேசை என்றால் அவர்களுக்கு மேசா. காலணிக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் செபாத்து அங்கே சபாத்தோ. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். தமிழ்ப்பள்ளியில் ரகர றகரத்துக்குத் திட்டு வாங்கி வளர்ந்தவளுக்கு இது ஒரு கஷ்டமா? நான்கே மாதத்தில் மொழி கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை படகுத்துறை அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சிலி நாட்டிலிருந்து ஓர் அம்மாள் தனியாகப் பாய்மரப் படகில் வந்துகொண்டிருந்தார். ஆங்கிலம் சரியாக வரவில்லை, துறையில் கடல் நீரோ வற்றிக்கொண்டிருந்தது. எங்கள் துறைக்கு நேர் எதிரே சேற்றுத் திட்டு ஒன்று உண்டு. அதற்கு முன்பே வலது பக்கம் திரும்பிவிட வேண்டும். நான் ரேடியோவை வாங்கிக்கொண்டு பலகைப் பாலத்தின் நுனிக்கு ஓடினேன்.

"தெரேச்சோ! தெரேச்சோ!" என்றேன்.

"சீ, சீ," அதாவது ஆமாம், ஆமாம் என்று பதில் வந்தது. படகு நேராக வந்தது. இன்னும் அழுத்திச் சொன்னேன். இன்னும் நேராக வந்து, சேற்றில் ஏறி நின்றுவிட்டது.

பின்னால் ஓடி வந்த கணவர், "அலமாக்! என்ன சொன்ன நீ?" என்றார்.

"வலது பக்கம்னுதான் சொன்னேன்!"

ரப்பர் படகில் இருவரும் போனோம். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களை வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனேன். மேல்தளத்தில் நின்ற அந்த அம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நான் சொல்ல நினைத்தது எது என்று கேட்டார். வலது கையை நீட்டிக் காட்டினேன். உட்கார்ந்துகொண்டு சிரித்தார். வலது என்றால் தெரேச்சா. தெரேச்சோ என்றால் நேரே போ. ஓர் எழுத்துதான். கடலில் இரண்டும் வேண்டாம், வலத்துக்கு எஸ்த்ரிபோர், இடத்துக்கு பபோர் என்று சொல்லிக்கொடுத்தார். மெத்தென்ற சேறு, படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கணவர் திரும்பிப் போனார். நான் அந்த அம்மாளுடனேயே இருந்துவிட்டேன். தண்ணீர் ஏற ஐந்து மணி நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் பேசினோம். என் தப்புகளை அவர் திருத்தவில்லை. புரியாதபோது மட்டும் புருவத்தை உயர்த்துவார். நடுவில், இந்தப் பயணம் யாருடைய ஆசை என்று கேட்டார்.

சொந்தக்காரர்கள் இதைக் கேட்கும்போதெல்லாம், அவருக்கு ஆசை, நான் துணைக்குப் போகிறேன் என்றுதான் சொல்லி வந்தேன். கேட்டவர்களும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஸ்பானிஷில் அப்படிச் சுற்றி வளைக்க என்னிடம் சொற்கள் இல்லை.

"என் ஆசை," என்றேன். "எனக்குப் போக வேண்டும்."

அவர் அதில் வியக்க ஒன்றும் இல்லை என்பதுபோல் தேநீரை ஊற்றினார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் படகு தானாகவே மிதந்தது. பக்கத்தில் நின்று, எஸ்த்ரிபோர், பபோர் என்று நானே வழி சொன்னேன். எதிலும் இடிக்காமல் துறைக்குள் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் மூவாரிலிருந்து அக்கா போன் செய்தார். "மாப்பிள்ளைக்குத்தான் புத்தி இல்ல. நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"அவர் கூப்பிடலக்கா. நான்தான் போகணும்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் அக்கா பேனா தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை கிலோ மிளகாய்த்தூள் வேணும்?" என்று கேட்டார்.