பாக்கியத்தை எடுக்கவிருந்த கேமரா

என் தங்கை புருஷன் கலியாணசுந்தரத்தைக் கெட்டவன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. மலாக்கா ஆற்றோரம் ரப்பர் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை, காஜா பேராங்கில் பலகை வீடு ஒன்றின் பின்பக்கத்தில் குடித்தனம். சம்பளத்தை ஒழுங்காக என் தங்கை பாக்கியத்தின் கையில் கொடுப்பான். பிறகு கேமராவுக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்வான். அந்த ஒரு விஷயத்தில் அவனோடு பேசிப் பேசி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கல்யாணமான புதிதில் அவனிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்து விசையைத் தட்டினால் வேலை தீர்ந்தது. அதில் ஆற்றுப் பாலத்தை எடுத்தான். உஜோங் பாசிர் கடற்கரையை எடுத்தான். நான் வேலை செய்கிற பஸ் பட்டறைக்கு வந்து, ஸ்பானரும் கையுமாக என்னைக்கூட எடுத்தான். எல்லாம் பார்க்கும்படியாகத்தான் இருந்தன. பாக்கியத்தை மட்டும் எடுக்கவில்லை.

"ஒன்ன போயி இந்த டப்பாவுல எடுக்கவா? நல்ல கேமரா வரட்டும்" என்றான். புதுப் பெண்டாட்டிக்குச் சொல்கிற பேச்சு அது. அவளுக்கும் வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. நானும் மாப்பிள்ளைக்கு என்ன பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அம்மா ஜப்பான் சண்டை முடிந்ததும் கடைசித் தம்பியோடு கப்பலேறி நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டாள். பாக்கியம் அப்போது தாவணி போட்ட பெண். கல்யாணத்துக்கு அம்மாவால் வர முடியவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் தம்பியை விட்டு எழுதச் சொல்வாள்: பாக்கியத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், கண்ணில் புரை விழுந்துகொண்டு வருகிறது, முழுக்க மறைவதற்குள் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் பாக்கியத்தின் படம் என்று இருந்தது, வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டத்தில் அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்றுதான். அதில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவள் போல முழித்துக்கொண்டிருப்பாள். அதை எந்த மனதோடு அம்மாவுக்கு அனுப்புவது?

ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னால் கலியாணசுந்தரத்துக்கு ரோஷம் வந்துவிடும்.

"வீட்டுல கேமராவ வச்சிக்கிட்டு வெளியாளுகிட்ட எடுக்குறதா? நாலு பேரு சிரிப்பாங்க மச்சான்."

அவன் சொல்லை மீறிப் பாக்கியமும் வரமாட்டாள். சரி, இவனே எடுக்கட்டும் என்று காத்திருந்தோம்.

அவன் எடுத்திருப்பான். குறுக்கே பொன்னுதுரை வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனிலிருந்து கேமராப் பத்திரிகை ஒன்றைக் கப்பலில் வரவழைப்பார். அது வந்த அன்று காப்பிக்கடை மேசையில் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் படம் பிடிக்கும் லென்ஸ், ஓடுகிற குதிரையை நிறுத்திக் காட்டும் ஷட்டர் என்று பக்கம் பக்கமாக விளம்பரம். அந்த மேசையில் ஒருத்தராவது அந்தக் கேமராக்களைத் தொட்டுப் பார்த்தவர் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றின் குறையும் நிறையும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"உம்மட பெட்டி இனிச் சரிவராது காணும். லண்டனிலை ஒருத்தரும் உந்தப் பெட்டியைக் கையாலையும் தொடமாட்டினம்" என்றார் பொன்னுதுரை. அவ்வளவுதான். பெட்டிக் கேமரா போய், மடக்குக் கேமரா வந்தது. அதைத் துடைத்து அலமாரியில் வைப்பதற்குள் அடுத்த கப்பலில் அடுத்த பத்திரிகை வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு வந்த இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாக்கியம் என்னிடம் சொன்னாள்.

"அவசரப்பட்டு வாங்கிட்டேன் மச்சான். கொஞ்சம் பொறுத்திருந்தா ஜெர்மன்காரனுது கெடச்சிருக்கும்" என்று மறுநாள் என்னிடமும் புலம்பினான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய மாதம் அந்த ஜெர்மன் கேமராவும் வந்துவிட்டது. மடக்குக் கேமராவையும் சைக்கிளையும் விற்று, சிங்கப்பூர் போனவர் ஒருவரிடம் சொல்லி வரவழைத்தான். அதன்பிறகு கிட்டங்கிக்கு நடைதான். காலையில் பட்டறை வாசலில் அவன் வேர்த்து விறுவிறுத்து நடந்துபோவதைப் பார்க்கும்போது எனக்குத் திட்டக்கூடத் தோன்றாது.

மெர்டேக்கா என்கிற சுதந்திர ஊர்வலத்தன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் வெயிலில் அலைந்தான். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரு படமும் இல்லை. உள்ளே ஃபிலிம் பற்களில் மாட்டவே இல்லையாம், வெளியே எண் மட்டும் ஓடியிருக்கிறது. நாடே கொண்டாடிய வாரத்தில் அவன் மட்டும் எழவு வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். "பெட்டிக் கேமராவ வித்திருக்கக் கூடாது" என்று முதல் தடவையாகச் சொன்னான். பாக்கியம்தான் தேற்றினாள்.

"போவுதுங்க. ஆயுதபூஜை வருதில்ல? விஜயதசமிக்கு மொத படமா என்னய எடுங்க. எல்லாம் சரியாயிரும்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஆயுதபூஜையன்று வீட்டிலிருந்த அரிவாள்மணை, தையல் மெஷின், நான் கொண்டுபோயிருந்த ஸ்பானர்கள் எல்லாவற்றோடும் கேமராவையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. சந்தனம் குங்குமம் வைத்தது பாக்கியம். பெட்டிக் கேமராவுக்கு அகலமான நெற்றி இருந்தது, வருஷாவருஷம் அதில் பொட்டு வைத்துப் பழகியிருந்தாள். இந்தக் கேமராவில் எங்கே வைப்பது? பெரிய கண்ணாடி லென்ஸ் என்று தெரியும், அதைத் தொடவில்லை. அதற்கு மேலே சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் போல இருந்ததால் கெட்டிச் சந்தனமாக அதில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை அவள் கல்யாணப் பட்டைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாசலில் செம்பருத்திச் செடியோரம் வந்து நின்றாள். அம்மா பார்க்க வேண்டும் என்று என் பெண்டாட்டியின் அட்டிகையையும் வாங்கிப் போட்டிருந்தாள். கலியாணசுந்தரம் கேமராவைக் கண்ணில் வைத்தான். வளையத்தைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். கேமராவைத் திருப்பிப் பார்த்தவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

அந்தக் கேமராவில் முகம் ரெண்டாகத் தெரியுமாம். வளையத்தைத் திருப்பி ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் தெளிவாக விழும். ரெண்டாவது முகத்தைக் காட்டுகிற ஜன்னல்தான் அந்தச் சின்ன வட்டம். சந்தனம் அங்கே காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"அறிவிருக்கா? எத்தன கஷ்டப்பட்டு வாங்குனது! கண்ணக் குருடாக்கி வச்சிருக்க!"

"லென்ஸ்லதான் ஒன்னும் இல்லயே மாப்ள. எத்தன அடி தூரம்னு அந்த வளையத்துலயே எழுதியிருக்கு. அளந்து வச்சி எடு" என்றேன் நான்.

"நாடா புடிச்சி அளந்து எடுக்கவா மச்சான் இத வாங்குனேன்? அதுக்குப் பெட்டியே போதுமே!"

சொல்லிவிட்டுத் துடைக்க உட்கார்ந்தான். தண்ணீர், துணி, ஈர்க்குச்சி. அதற்கும் போகாமல் ஸ்பிரிட் கேட்டுப் பொன்னுதுரையிடம் ஓடினான். பாக்கியம் செடியோரம் நின்றுகொண்டே இருந்தாள். வெயில் ஏறி, பூ வாடி, கண்மை கரைந்து இறங்கிய பிறகு உள்ளே போய் அட்டிகையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணிகிட்ட குடுத்துருங்கண்ணே" என்றாள்.

ஜன்னல் பிறகு சுத்தமாகத்தான் ஆனது. ஆனால் அதற்குள் புதுப் பத்திரிகை வந்து, அவன் வாங்கிய கேமரா பழசாகிவிட்டதாகத் தெரிந்தது. இதில் எடுத்தால் முகத்தில் உயிர் வராது, விற்றுவிட்டு அடுத்ததில் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தான்.

அந்த வருஷக் கடைசியில் குடியுரிமைக்கு எழுதிப்போட நானும் அவளும் போனோம். அதற்குப் படம் ஒட்ட வேண்டும். அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் ஒரு சீனர், மூன்று கால் மரப்பெட்டியும் கறுப்புத் துணியுமாக நின்றிருந்தார். பாக்கியம் சாதாரணச் சீலையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் துணிக்குள் நுழைவதற்கு முன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொள்ளச் சொல்லிக் கையால் காட்டினார். என்னை நகரச் சொல்லி அவள் முகத்தில் வெளிச்சம் விழவைத்தார். "சிரிக்காதே" என்று மலாயில் சொன்னார். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. படத்தில் அது உதட்டோரத்தில் இருக்கிறது.

கூட இரண்டு கேட்டு வாங்கி, ஒன்றை அன்றைக்கே அம்மாவுக்குத் தபாலில் போட்டோம். கலியாணசுந்தரத்திடம் கேட்கவில்லை.

சாயங்காலம் அவன் நடந்து களைத்து வந்தான். மேசைமேல் மிச்சமிருந்த படத்தை எடுத்து விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தான். என் தங்கை அதில் அத்தனை அழகாக இருந்தாள்.

"என்னா கேமரா அது?" என்றான்.

"கேமராவ யாரு பாத்தா? அந்த ஆளு என்னப் பாத்தாரு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"நான் பாக்கலயா ஒன்ன? எத்தன வருசமா பாக்குறேன்!"

பாக்கியம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது.

"அன்னிக்கி நீங்க ஒரு வாட்டி நாடாவப் புடிச்சி அளந்திருந்தா போதும்ங்க" என்றாள்.