பள்ளிப்பட்டிலிருந்து காலை பஸ்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் அது. ஜில்லா போக்குவரத்து அதிகார சபையில் நான் குமாஸ்தா. பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குக் காலையில் ஒரு பஸ் வேண்டுமென்று நெசவாளர்கள் மனுப் போட்டிருந்தார்கள். விசாரணை திருத்தணி பயணியர் பங்களாவில், காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ் அனுப்பியவன் நான்தான்.

பன்னிரண்டு அடித்தும் மனுதாரர் ஒருவரும் வரவில்லை. அந்தத் தடத்தில் சாயங்காலம் மட்டும் பஸ் விட்டுக்கொண்டிருந்த முதலாளி, "அக்கறை இருந்தா வந்திருப்பாங்களே" என்று சிரித்தார். எனக்கும் எரிச்சல்தான். விசாரிக்க வந்திருந்த அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்யப் பேனாவைத் திறந்தபோது வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது.

புழுதி முகத்தோடு முதலில் இறங்கிய நெசவுக்கார அம்மாவிடம், "பத்து மணின்னு போட்டிருந்தேனே, படிக்கலையா?" என்று பாய்ந்தேன்.

"ஆங், படிச்சோங்க. கோழி கூவறப்பவே வண்டி கட்டி, இத்தனை நேரமா வந்துகினு இருக்கோம். பத்து மணிக்கு வந்து சேர பஸ் இருந்தா, நாங்க எதுக்குங்க மனுப் போடறோம்?"



"அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதிக்குங்க. வேற சாட்சி வேண்டாம்" என்றார் அதிகாரி.

சில மாதம் கழித்து அவர்களுடைய இன்னொரு மனுவுக்கு அதே பங்களாவில் விசாரணை. நான் போனபோது, காலை பஸ்ஸில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.