பூஜையில் வைத்த வில்

என் மனைவிக்கு என்னைவிட ஒரு மூங்கில் கம்பின்மேல் பிரியம் அதிகம் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வீடுகளில் கறிக்கடைக்கு ஆள் அனுப்புகிற நேரத்தில், அவளையும் அந்த நீள வில்லையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி விளாங்குடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுவது நான். போய்ச் சேர்ந்ததும் அம்பு பொறுக்குவதும் நான்தான். எனக்கு எய்யத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை. கப்பலூரில் ரப்பர் வாஷர் போடும் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் பூராவும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒருநாள் புல்லில் குனிந்து நடப்பது சுகமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பல் டாக்டரிடமிருந்து தொற்றியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவளை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் வில்லைப் பற்றியே பேசியிருக்கிறார். வாய் திறந்திருக்கிறவள் எப்படி மறுத்துப் பேசுவாள். பல்லை அங்கே விட்டுவிட்டு வில் ஆசையோடு வீட்டுக்கு வந்தாள். ஸ்டேடியத்தில் பிள்ளைகள் வைத்திருக்கிற, கப்பியும் குறி பார்க்கும் கருவியும் மாட்டிய வில்லை டாக்டர் வில்லென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு, அதற்கு ஒரு கயிறு, கண்ணும் கையும் சொல்கிற குறி. அவருக்கு அவ்வளவுதான் வில். வெளிநாட்டில் இந்த மாதிரி வில்லால் மானும் பன்றியும் வேட்டையாடுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நம் ஊரில் முயலைத் தொட்டாலே ஜெயில். அதனால் சாக்கில் வைக்கோல் அடைத்து, காது வாலெல்லாம் வைத்து ஒரு பன்றி தைத்திருக்கிறார். விளாங்குடிக்கு அப்பால் அவருடைய தரிசு நிலத்தில் அந்தப் பன்றிதான் வாராவாரம் சாகும்.

அங்கே வருகிற இன்னொருவர் மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருப்பவர். சந்தையை முடித்துவிட்டு நேராக வந்துவிடுவார். என் மனைவியை அக்கா என்பார், அந்த முறையில் நான் அவருக்கு மாமா. அம்பு காணாமல் போனால் நான் அம்பைத்தான் திட்டுவேன். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன், என்னையத் திட்டுங்க மாமா' என்று அவரே வந்து நிற்பார். அப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு கோடை விடுமுறை முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த வில்லை அவளே செய்தாள். கல்மூங்கில் பட்டையை மெல்லிய மரச்சட்டத்தோடு பசை போட்டு ஒட்டி, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் காய வைத்தாள். ட்யூப் கேட்டு நான் ஏறி இறங்காத பஞ்சர் கடை இல்லை. காய்ந்த பிறகுதான் உண்மையான வேலை. வில்லின் உள்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் துளித்துளியாகச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் சுரண்டுவாள், கயிற்றைப் பூட்டி வளைத்துப் பார்ப்பாள், இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், மறுபடி சுரண்டுவாள். எவ்வளவு சுரண்டுகிறோமோ அவ்வளவுக்கு வில் இலகுவாகும். அதிகமாகிவிட்டால் போனது போனதுதான்.

"கணக்குல தப்பு வந்தா அழிச்சிட்டுப் போடலாம்ங்க. இதுல அழிச்சது திரும்ப வராது" என்பாள்.

வில் முடிந்தபோது அதன் இழுவை நாற்பது பவுண்டு வந்தது. இந்த ஆட்கள் எல்லாவற்றையும் பவுண்டில்தான் பேசுவார்கள். தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்குகிற பலம் இருந்தால்தான் நாண் தாடை வரைக்கும் வரும். அதை அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இழுத்து விடுவாள். அப்போதெல்லாம் அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

போன தை மாதம் அவளுடைய இடது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கொடியில் துணி போடக் கை உயரவில்லை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இப்படித் தோள் இறுகிப்போவது உண்டு என்று எலும்பு டாக்டர் சொன்னார். சுவரில் விரல்களை நகர்த்தி நகர்த்திக் கையை மேலே கொண்டுபோகச் சொன்னார். நல்லாகிவிடுமா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் வரும், பழையபடி முழுசாக வருமென்று சொல்ல முடியாது என்றார். வில்லைப் பிடிக்கிற கை அதுதான். இழுக்கிற பாரமெல்லாம் அந்தத் தோளில்தான் வந்து இறங்கும்.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்புவாள். பன்றிக்கு எதிரே நின்று நாணை இழுப்பாள். பாதி வரும்போதே உதட்டைக் கடிப்பாள். மெதுவாகத் திரும்ப விட்டுவிட்டு, அம்பைக் கழற்றி அம்பறாத்தூணியில் போடுவாள். பிறகு என்னோடு சேர்ந்து மற்றவர்களின் அம்பைப் பொறுக்க வந்துவிடுவாள். துணைக்கு ஆள் கிடைத்ததென்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பல் டாக்டர்தான் ஒருநாள் பேச்சை எடுத்தார். "உள்பக்கம் கொஞ்சம் எடுத்துட்டா முப்பதுக்குக் கீழ வந்துரும் டீச்சர். தோளுக்கும் நல்லது."

"சுரண்டுனா திரும்பி வராது டாக்டர். தோள் திரும்பி வந்துரும்" என்றாள்.

பூக்கடைக்காரர் தன் மகளின் சின்ன வில்லைக் கொண்டுவந்து நீட்டினார். இன்னொருத்தர் வில்லு கையில் நிக்காது என்று சொல்லி அவள் அதைத் தொடக்கூட இல்லை. கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் திருத்த ஆரம்பித்தாள். 'நீங்க வேணாப் போயிட்டு வாங்க' என்றாள். நான் போய் யாருடைய அம்பைப் பொறுக்க. வில்லைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. எத்தனை பவுண்டு என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் எய்ய வேண்டும், எனக்கு அது போதும். ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா.

ஆயுத பூஜை வந்தது. காலையில் பட்டறையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் அவளுடைய பாடப் புத்தகங்கள், கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் ஸ்பேனர் எல்லாம் வரிசையாக இருந்தன. பரணிலிருந்து வில்லை எடுத்துத் தரச் சொன்னாள். நாணும் பூட்ட வேண்டும் என்றாள். நாண் இல்லாமல் வைத்தால் சாமிக்கு வெறும் கம்பாகத்தான் தெரியுமாம். நான் வளைத்துப் பிடிக்க, அவள் மாட்டினாள். சூடம் காட்டியதும் கழற்றிவிடலாம் என்றுதான் சொன்னாள். மூங்கில் வில்லை நாண் பூட்டியபடியே விட்டுவைக்கக் கூடாது. வளைந்தே கிடந்தால், அதுவும் ஈரக்காற்றில், வளைவுக்குப் பழகி, பலத்தை இழந்துவிடும். எய்து முடித்த அடுத்த நிமிஷம் நாணைக் கழற்றுவதில் அவர்கள் எல்லோரும் அவ்வளவு கறார். அடுப்பை அணைக்க மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

வில்லின் பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சூடம் காட்டினாள். பொரிகடலையை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வில் விளக்குக்குப் பக்கத்தில் நாண் பூட்டியபடியே இருந்தது.

"கயித்தக் கழட்டலையா?" என்றேன்.

எழுந்து போனவள் பூஜைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறு பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் அவளைப்போலக் கெடுபிடி யாருமில்லை. ஒரு வருஷம் அவசரத்துக்குப் பட்டறைச் சாவியை எடுத்துவிட்டு நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அவளுடைய இரண்டு சட்டங்களும் நேருக்கு நேர் நின்றன.

"சாமிகிட்ட வச்சாச்சு. எடுக்கக் கூடாது" என்றாள்.

"அம்புட்டும் போயிரும்ல? மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

"போனாப் போகட்டும். விடுங்க."

அது பக்தியா, சலிப்பா, வேறெதுவுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்டதில்லை. சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க ஈரக்காற்று.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறு பூஜை செய்தாள். முதலில் வில்லைத்தான் எடுத்தாள். நாணைக் கழற்றினால் ஏறக்குறைய நேராக நிமிர்ந்துவிடுகிற வில், அன்று நிமிரவில்லை. வளைந்தது வளைந்தபடி அவள் மடியில் கிடந்தது. உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். அவள் அழவில்லை. ஒரு கோடை முழுக்க அவள் சுரண்டியது என் கண்முன்னால் நடந்த வேலை.

"கோவமா?" என்று கேட்டேன்.

"யார் மேல?"

மறுபடி நாணைப் பூட்டச் சொன்னாள். கூடத்தின் நடுவில் நின்று, அம்பில்லாமல், மெதுவாக இழுத்தாள். பாதியைத் தாண்டியது. அதற்குமேலும் வந்தது. தாடைக்கு ஒரு சாண் இருக்கும்போது தோள் நடுங்கியது. பத்திரமாகத் திரும்ப விட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாலும் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை போவமா?" என்றாள். போவமே என்றேன்.

தரிசில் இறங்கியதும் முதல் வேலையாக, வில்லைத் தராசில் மாட்டச் சொன்னாள். வேப்பமரக் கிளையில் பூக்கடைக்காரரின் கொக்கித் தராசைத் தொங்கவிட்டு, நாணைக் கொக்கியில் மாட்டி வில்லை இழுத்தால் அதன் இழுவை தெரியும். முள் பழைய இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. டாக்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தராசு பழசுக்கா. சரியாக் காட்டாது" என்றார் பூக்கடைக்காரர்.

"உங்க தராசு கூடுதலாத்தான் காட்டும். கொறச்சுக் காட்டி நான் பாத்ததில்ல" என்றாள். அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

பிறகு அவள் டாக்டரிடம் கண்ணாடிச் சில்லைக் கேட்டாள். அவர் காரிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். சாக்கை விரித்து உட்கார்ந்தாள். வில்லின் ஒரு முனையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வலது கையால் சுரண்ட ஆரம்பித்தாள். மெல்லிசான சுருள்கள் என் பேன்ட்டின்மேல் விழுந்தன.

"தோள் இம்புட்டுத்தான் வரும்" என்றாள், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வரும், வரும்" என்றேன். அவள் வலிக்கிறது என்று சொன்னாலே எனக்கு அந்த வார்த்தைதான் வரும்.

"வராதுங்க. பரவால்ல. நீங்க அசையாமப் பிடிங்க."

அசையாமல் பிடித்தேன். சுரண்டுவாள், பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். மற்ற இருவரும் எய்யப் போகாமல் நிழலில் காத்திருந்தார்கள். கடைசியில் நாண் தாடையைத் தொட்டது. தோள் நடுங்கவில்லை.

அங்கே எல்லோரும் நின்று எய்வதற்குத் தரையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு போட்டிருப்பார்கள். அம்பு பறக்கும்போது ஒருத்தருக்கு முன்னால் ஒருத்தர் நிற்கக் கூடாது, அதனால் எல்லோருக்கும் ஒரே கோடு. அவள் கயிற்றில் நின்று எய்தாள். அம்பு பன்றிக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. அடுத்ததும் அப்படியே. இன்னும் மேலே தூக்கி எய்தால் போய்ச் சேரும், ஆனால் கை அதற்குமேல் உயராது. மூன்றாவது அம்பை எடுத்தவள் அதைத் தூணியிலேயே திரும்பப் போட்டாள். "நீங்க விடுங்க, நான் பாக்குறேன்" என்று சொல்லி ஒதுங்கினாள். பழையபடி என் பக்கம் வரத் திரும்பிவிட்டாள்.

பூக்கடைக்காரர் குனிந்து கயிற்றின் ஒரு முனையை எடுத்தார். டாக்டர் மறுமுனையை எடுத்தார். பன்றியைப் பார்த்து நடந்து, நல்ல தூரம் முன்னால் கொண்டுபோய்க் கயிற்றைப் போட்டார்கள்.

"எல்லாரும் எதுக்குப்பா? நீங்க அங்கனயே நின்னு விடுங்க" என்றாள்.

"வெயில் ஏறுதுக்கா. அம்புட்டுத் தூரம் யாரு நடக்குறது" என்றார் அவர். வானம் மூடிக் கிடந்தது. வெயிலே இல்லை.

கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் அவர்களுக்கு நடுவில் நின்றாள். மூன்று பேரும் ஒன்றாக இழுத்தார்கள். அவளுடைய அம்பு சாக்குப் பன்றியின் வயிற்றில் தொப்பென்று ஏறியது. மற்ற இரண்டும் பன்றிக்கு மேலே பறந்து கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தன. வருஷக்கணக்காகத் தூரத்தில் நின்றே எய்த ஆட்கள், கிட்டே நின்றால் குறி பிசகத்தானே செய்யும். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது.

நான் அம்பு தேட முள்ளுக்குள் போனேன். இரண்டும் ஒரே புதரில் கண்ணுக்கு எதிரேயே கிடந்தன. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றேன்.

"என்னங்க, கெடச்சிருச்சா?" என்று அவள் குரல் கொடுத்தாள்.

"இன்னும் இல்ல" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.